பாம்பும் படமும்
(மண்டகப்பட்டில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பாம்பைத் தேடிப் போய்ப் படம் பிடித்து வருகிற எங்களைப் பற்றி இந்தச் செஞ்சி வட்டாரத்தில் இரண்டு விதமான அபிப்பிராயங்கள் இருந்து வருவது எங்களுக்குத் தெரியும். ஒன்று, இவர்கள் வேலையற்றவர்கள் என்பது. மற்றொன்று, இவர்களிடம் ஏதோ ஒரு மந்திரமோ வேரோ இருக்கிறது, இல்லாவிட்டால் இராத்திரியில் பாறைச் சந்தில் தலையை நீட்டுவார்களா என்பது. முதல் அபிப்பிராயத்தைப் பற்றி எங்களுக்கு வருத்தமில்லை. சீட்டாடுகிறவனைக் கேட்காத கேள்வியை எங்களை மாத்திரம் கேட்பானேன் என்று விட்டுவிடுகிறோம். இரண்டாவதுதான் ஆபத்தானது. ஏனென்றால் அந்த எண்ணத்தினால் ஆள் சாகிறான். எங்களிடம் இருப்பதெல்லாம் ஒரு டார்ச் விளக்கு, முழங்கால் மட்டும் பூட்ஸ், ஒரு காமிரா, கூட வருகிற இருளர் தோழர்களின் கண், இவ்வளவே. வேர் ஒன்றும் கிடையாது.

இந்த ஊர்ப் பாறையை 7-ஆம் நூற்றாண்டில் பல்லவ மகேந்திரவர்மன் குடைவித்து, செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமின்றி மும்மூர்த்திகளுக்கும் கோயில் செய்ததாகக் கல்லிலேயே பெருமை பேசி வைத்திருக்கிறான். உளி பிடித்தவன் பெயர் அதில் இல்லை. அது நிற்க. எங்களுக்கு இந்தப் பக்கத்துப் பாறைகளின்மேல் வேறு காரணத்தினால் பிரியம். பகலெல்லாம் வெயிலில் காய்ந்த கல் பொழுது சாய்ந்த பிறகும் சூடாக இருக்கும். அந்தச் சமயத்தில் சுருட்டை விரியன் வெளியே வரும். அநேகமாக ஒரு முழந்தான் இருக்கும். காய்ந்த சருகின் நிறம். கிட்டப் போனால் உடம்பை வளைத்துச் செதிலோடு செதிலை உரசுகிறது. சட்டியில் எண்ணெய் பொரிகிற சத்தம் கேட்கும். “எட்டி நில்” என்பதைத் தவிர அந்தச் சத்தத்துக்கு வேறு அர்த்தமில்லை. நாங்களும் எட்டி நின்றே படம் எடுக்கிறோம். நல்ல பாம்பும் படம் எடுக்கிறது, நாமும் படம் எடுக்கிறோம். இரண்டு பேரும் தூரத்தில் இருக்கிற வரையில் ஒருவருக்கும் கெடுதலில்லை.

தோழர்களே! காமிராவுக்குப் புராணம் தெரியாது. இருப்பது எதுவோ அதுதான் அதில் விழும். நல்ல பாம்பை எத்தனையோ முறை எடுத்தோம். தலையில் மாணிக்கம் ஒன்றும் விழவில்லை. சாரையும் நல்ல பாம்பும் பிணைகின்றன, மேலே புது வேட்டியைப் போட்டு எடுத்துப் பெட்டியில் வைத்தால் செல்வம் பெருகும் என்று உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஓர் ஏரிக்கரையில் அப்படிப்பட்ட பிணையலை வரிசையாகப் படம் எடுத்தோம். பார்த்தால் இரண்டும் சாரை! தலை ஒன்று போல, கண் ஒன்று போல. இரண்டுக்கும் படம் கிடையாது. அதிலும் இரண்டும் ஆண். பெண்ணுக்காக ஒன்றையொன்று அமுக்கித் தள்ளுகிற மல்யுத்தம் அது. அந்தச் சண்டையின் மேல் வேட்டியைப் போட்டவன் வீட்டில் எந்தச் செல்வம் வந்ததோ, வேட்டி அழுக்கானது மாத்திரம் நிச்சயம்.

கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு, பிணம் வேகிறதா என்று மரத்தின் மேலேறிப் பார்க்கும் என்பார்கள். பாவம், அதற்கு மனிதனைக் கொல்லும் விஷமே கிடையாது. மண்ணுளிப் பாம்புக்கு இரண்டு தலை, அது நக்கினால் குஷ்டம் என்பார்கள். அதற்கு வாலும் தலையைப் போல மழுங்கி இருக்கிறது, அவ்வளவுதான். இந்தப் பொய்யைச் சொல்லி அதையே பல லட்ச ரூபாய்க்கு விற்கிறேன் என்று ஊரை ஏமாற்றுகிற கூட்டம் இன்றும் இருக்கிறது. ஏமாறுகிறவர்களில் படித்தவர்களும் உண்டு. பிடிப்பதும் விற்பதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி குற்றம் என்பது வேறு.

நேரில் பார்த்து எழுதுகிற இந்த வேலை புதிதுமல்ல. கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இந்தக் கிழக்குக் கரையில் இயற்கை ஆராய்ச்சி செய்த பாட்ரிக் ரஸ்ஸல் என்பவர், காமிரா இல்லாத அந்தக் காலத்தில் பாம்புகளைச் சித்திரமாக எழுதுவித்து, ஊர் ஜனங்கள் சொன்ன பெயரையும் சேர்த்து 1796-ல் புத்தகம் வெளியிட்டார். வெள்ளைக்காரர் கண்ணாடி விரியனை இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள். பாம்பைக் கும்பிடுகிறவர்களில் எத்தனை பேருக்கு, எந்தப் பாம்புக்கு விஷம், எதற்கு இல்லை என்று தெரியும்?

கறையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தது என்று பழமொழி சொல்லுகிறார்கள். பழமொழி பாதியில் நின்றுவிட்டது. உண்டியல் வைத்தவன் யார் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். பால் பாம்பின் ஆகாரமல்ல. எலியும் தவளையும் ஓணானுந்தான் ஆகாரம். வெள்ளிக்கிழமை புற்றுக்குப் பால் ஊற்றின கையே சனிக்கிழமை அதே பாம்பு திண்ணைக்கு வந்தால் தடியை எடுக்கிறது. பக்தி என்ன ஆயிற்று என்று கேட்டால் பதில் இல்லை.

இதையெல்லாம் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. 2000 முதல் 2019 வரையில் இந்த நாட்டில் பாம்பு கடித்துச் செத்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர், அதாவது வருஷத்துக்கு 58,000 பேர் என்று 2020-ல் ஆராய்ச்சிக்காரர்கள் கணக்கிட்டார்கள். பெரும்பாலோர் நம்மைப் போன்ற கிராமத்தார். இந்நாட்டில் சுமார் 300 வகைப் பாம்புகள் இருந்தும், இந்தச் சாவுகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கே காரணம்.

மந்திரக்காரனின் தொழில் ரகசியம் இதில்தான் இருக்கிறது. கடிக்கிற பாம்பில் பெரும்பாலானவை விஷமில்லாதவை. விஷப் பாம்பும் சில சமயம் விஷத்தை இறக்காமலே கடித்துவிடும். இப்படிப் பிழைத்தவனெல்லாம் மந்திரத்தால் பிழைத்தவன். விஷம் ஏறிச் செத்தவன் விதியால் செத்தவன்! இம்மாதிரி வியாபாரத்தில் நஷ்டம் எப்படி வரும்? கட்டு விரியன் இராத்திரியில் தரையில் படுத்திருப்பவனைக் கடிக்கும். பல சமயம் வலி கூடத் தெரியாது. விடியற்காலையில் வயிறு வலிக்கும், இமை தொங்கும், பேச்சுக் குழறும். அந்த நேரத்தில் வேப்பிலை அடித்துக்கொண்டிருந்தால் மூச்சு நின்றுபோகும். ஆகவே இறுகக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். கடிபட்ட அங்கத்தை அசைக்காமல் உடனே சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். பாம்பைத் தேடி அடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை, படம் எடுக்கவும் வேண்டியதில்லை. நான்கு விஷத்துக்கும் மருந்து ஒன்றே. இதை நாங்களே சொல்லுகிறோம்.

அந்த மருந்து எங்கிருந்து வருகிறது? நாலு பாம்பின் விஷத்தையும் சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஏற்றி, அதன் இரத்தத்திலிருந்து எடுக்கிறார்கள். விஷத்தைக் கொடுப்பவர்கள் யார்? நீங்கள் களத்துக்கு வெளியே நிறுத்திவைத்த இருளர்கள். முன்பு தோல் வியாபாரிக்குப் பாம்பு பிடித்துக் கொடுத்துக் கூலி வாங்கினார்கள். அந்த வியாபாரத்தைச் சட்டம் நிறுத்தியதும் பிழைப்புப் போயிற்று. 1978-ல் மாமல்லபுரத்துக்கு அருகே அவர்களுக்கென்று கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. பாம்பைச் சில வாரம் பானையில் வைத்திருந்து, விஷத்தை எடுத்துக்கொண்டு, அடையாளமிட்டுத் திரும்பக் காட்டிலேயே விடுகிறார்கள். இந்நாட்டில் மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதி நெடுங்காலமாக அங்கிருந்தே போய் வருகிறது. அவர்களில் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இருவரை 2017-ல் அமெரிக்காவுக்கு அழைத்து, புளோரிடா சதுப்பு நிலத்தில் பெருகிவிட்ட மலைப்பாம்புகளைப் பிடிக்கச் சொன்னார்கள். 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. பட்டம் கொடுத்த பிறகும் டீக்கடையில் அவர்கள் இனத்தார் எங்கே உட்காருகிறார்கள் என்பதை இங்குள்ளவர்களே சொல்லட்டும்.

எங்கள் கூட்டத்தாரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாம்பை வாலைப் பிடித்துத் தூக்கி, கழுத்தில் மாலையாகப் போட்டு, செல்போனில் படம் எடுத்துப் பரப்புகிற வாலிபர்கள் பெருகிவிட்டார்கள். மகுடிக்காரனுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்? தைரியம் காட்டப் போய்ச் செத்தவர்களும் உண்டு. வீட்டில் பாம்பு புகுந்தால் இப்படிப்பட்டவர்களைக் கூப்பிடாதீர்கள். தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள்.

தமிழ்நாட்டு அரசாங்கம் 2024-ல் பாம்புக்கடியை ஆஸ்பத்திரிகள் கட்டாயம் அறிவிக்கவேண்டிய நோயாக்கியிருக்கிறது. மந்திரக்காரன் வீட்டு வாசலில் போகிற உயிர் அந்தக் கணக்கில் ஏறாது.

பந்தலுக்கு வெளியே நான்கு விஷப் பாம்புகளின் படத்தையும், அவைகளைப் போலவே தோன்றுகிற விஷமில்லாத பாம்புகளின் படத்தையும் பெரிதாக அச்சடித்து மாட்டியிருக்கிறோம். பக்கத்தில் நிற்கிற இருளர் பெரியவர் ஒவ்வொன்றையும் விளக்கிச் சொல்லுவார். தாய்மார்கள் முதலில் போய்ப் பார்க்கும்படி கேட்டுக்கொள்ளுகிறோம். களத்திலும் கொல்லையிலும் முதலில் கால் வைக்கிறவர்கள் அவர்களே.