தலைக்கணக்கும் சாலையும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



நம்முள் பெரும்பாலோர் சிற்றூர்களிற் பிறந்தவர்கள். கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும்போது ஈராயிரம் கிலோமீட்டரை ரயிலில் உறங்கியவாறே கடந்துவிட்டோம். பேருந்து இறக்கிவிட்ட பின்னர், தலையிற் பெட்டியும் இடுப்பிற் குழந்தையுமாக வரப்பின்மீது நடந்த கடைசி மூன்று கிலோமீட்டரைத்தான் இன்றும் மறக்க இயலவில்லை. அவ்வூர்களிற் பலவற்றுக்கு இன்று தார்ச்சாலை வந்துவிட்டது. ஆயினும், நாம் வந்து வாழும் இப்பீகார் மாநிலத்துச் சிற்றூர்களையும் எண்ணிப் பார்த்தல் நம் கடமையாகும். நம் காலனிக்குப் பாலும் காய்கறியும் கொணர்வோர் அத்தகைய ஊர்களிலிருந்தே வருகின்றனர்.

கயா மாவட்டத்தில் கெலோர் என்பது ஒரு சிற்றூர். அவ்வூர்த் தொழிலாளி தசரத் மாஞ்சியின் மனைவி, உரிய காலத்தில் மருத்துவ உதவி கிட்டாமல் 1959-இல் மறைந்தார். குன்றொன்று வழியை மறித்து நின்றதே காரணம். மாஞ்சி உளியும் சம்மட்டியும் ஏந்தினார். 1960 முதல் 1982 வரை 22 ஆண்டுகள் தனியொருவராகப் பாறையைக் குடைந்து, ஏறத்தாழ 110 மீட்டர் நீளமுள்ள பாதையைத் திறந்தார். அத்ரிக்கும் வஜீர்கஞ்சுக்கும் இடையே 55 கிலோமீட்டராக இருந்த தொலைவு 15 கிலோமீட்டராகக் குறைந்தது. 2007-இல் அவர் மறைந்தபோது மாநில அரசு தன் மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடத்தியது. அப்பெருமகனை வணங்குகின்றோம். ஆனால் ஊர்தோறும் ஒரு மாஞ்சி பிறக்க வேண்டுமென்று நாம் எதிர்பார்ப்பது முறையாகுமா?

முறையன்று என்பதனாலேயே, 2000 டிசம்பர் 25-இல் பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம் தொடங்கப்பெற்றது. அதன் அளவுகோல் மக்கட்தொகை. சமவெளியில் 500 பேர், மலை, பாலை, பழங்குடிப் பகுதிகளில் 250 பேர் வாழும் குடியிருப்புகளுக்குச் சாலை உண்டு. 2024-இல் ஒப்புதல் பெற்ற நான்காம் கட்டமும் 2011-ஆம் ஆண்டுக் கணக்கையே அடிப்படையாகக் கொண்டது.

இங்கேதான் இடர்ப்பாடு தோன்றுகிறது. கணக்கெடுப்பில் ஒருவர் எங்கு வாழ்கிறாரோ அங்கேயே எண்ணப்படுகிறார். சாலையில்லாத ஊரில் தொழில் வளராது. தொழிலில்லாத இளைஞர் சூரத்துக்கும், ஏன், நம் திருப்பூருக்கும் சென்றுவிடுகின்றனர். நாம் அங்கிருந்து இங்கு வந்தோம். அவர்கள் இங்கிருந்து அங்கு செல்கின்றனர். அவர்கள் சென்றதால் ஊரின் எண்ணிக்கை குறைகிறது. எண்ணிக்கை குறைந்ததால் சாலை தள்ளிப்போகிறது. எஞ்சியிருப்போர் முதியோரும் பெண்டிரும் குழந்தைகளுமே. சாலை மிகுதியும் வேண்டப்படுவது அவர்களுக்கன்றோ? பேறுகால வேதனையுற்ற பெண்ணிடம், "உங்கள் ஊரில் 499 பேர்தான்" என்று யார் சொல்ல இயலும்?

இதற்கு ஒரு வழி அத்திட்டத்தின் விதிகளிலேயே இருக்கிறது. சமவெளியில் 500 மீட்டர் ஆரத்துக்குள் அமைந்த குடியிருப்புகளின் தொகையை ஒன்றாகக் கூட்டிக் கணக்கிட அவ்விதிகள் இடந்தருகின்றன. 300 பேர் வாழும் சேரியும் 250 பேர் வாழும் பக்கத்துத் தெருவும் தனித்தனியே நின்றால் இரண்டுக்கும் சாலை இல்லை. சேர்ந்து நின்றால் உண்டு. இவ்வுண்மை பலருக்குத் தெரிவதில்லை. கிராம சபையில் எழுந்து கேட்பாருமில்லை.

அன்பர்களே! சாலை போடும் ஆற்றல் நம் சங்கத்துக்கு இல்லை. எனினும், இங்குப் பிறந்து இந்தி கற்ற நம் பிள்ளைகளுக்கு மனு எழுதும் ஆற்றல் உண்டு. நாளைக் காலை பால் கொணர்பவரிடம், "உங்கள் ஊருக்குச் சாலை உண்டா?" என்று ஒரு கேள்வி கேட்போம். இல்லையென்று அவர் சொன்னால், அமரச் செய்து, இவ்விதியை எடுத்துரைத்து, மனுவும் எழுதிக் கொடுப்போம். நமக்கு வாழ்வளித்த மண்ணுக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவேயாகும்.