விடுதியில் இடமிருக்கிறதா?

(வானொலியில் ஒலிபரப்பான திருவருகைக் கால மறையுரை)



மார்கழி பிறந்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் விடியுமுன்னே ஒலிபெருக்கியில் திருப்பாவை கேட்டுக் கண் விழித்திருப்பீர்கள். ராஜபாளையத்தில் மலைக்காற்று இறங்கிவிட்டது. காலைத் திருப்பலிக்கு வருகிற பாட்டிமார் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டும், தாத்தாமார் மங்கி குல்லாவோடும் வருகிறார்கள். நமக்குக் குளிர் என்றால் அவ்வளவுதான். பனி கொட்டுகிற தேசங்களில் அது வேறு. அப்படி ஒரு தேசத்திலிருந்து வந்த சில படங்களைப் பற்றித்தான் இன்று பேச வேண்டியிருக்கிறது.

எங்கள் பங்கில் ஒரு தாய். அவருடைய மகன் நெதர்லாந்தில் வேலை பார்க்கிறான். போன ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அவர் போனை எங்கள் முன்னால் நீட்டினார். மகன் விடுமுறைக்கு மாஸ்ட்ரிக்ட் என்ற ஊருக்குப் போய் இரண்டு நாள் தங்கியிருக்கிறான். தங்கிய இடம் ஒரு பழைய கோயில். திருச்சிலுவைத் துறவற சபையினர் 15ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கிய மடமும் ஆலயமும் 2005இல் தங்கும் விடுதியாகத் திறக்கப்பட்டனவாம். உயர்ந்த கல் வளைவுகள், நெடுநெடுவென்று சன்னல்கள். வரவேற்பு மேசையே ஆலயத்துக்குள் இருக்கிறது. நடுக்கூடத்தில் ஒரு மாடித் தளம் எழுப்பி, அங்கே காலைச் சாப்பாடு. திரும்பின பக்கமெல்லாம் நவீன ஓவியம், விநோதமான விளக்கு. வெளியே விறைக்கிற குளிர், உள்ளே கதகதப்பு. பையன் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான்.

படங்களையெல்லாம் காட்டி முடித்துவிட்டு அந்தத் தாய் கேட்டார்: "பீடம் இருந்த எடத்துல இப்ப என்ன சாமி இருக்கு?"

எங்களுக்குத் தெரியவில்லை. மகனிடமே கேட்கச் சொன்னோம். அவன் விடுதியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், அதே ஊரில் உள்ள இன்னொரு ஆலயத்தைப் பற்றிப் பதில் அனுப்பியிருந்தான். அது சாமிநாதர் சபைத் துறவியரின் 13ஆம் நூற்றாண்டு ஆலயம். 2006இலிருந்து புத்தகக் கடை. புனித தாமஸ் அக்குவினாரின் வாழ்வைக் காட்டும் பழைய சுவரோவியம் இன்னமும் அங்கே இருக்கிறது. பீடம் இருந்த தூயகப் பகுதியில் காப்பிக் கடை. அங்கே போட்டிருக்கிற நீளமான மேசை சிலுவை வடிவத்தில் இருக்கிறதாம். "அங்க உக்காந்துதான் காப்பி குடிச்சேன்மா" என்று எழுதியிருந்தான்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறோம். இதைக் கேட்டதும் நாங்கள் தயாரித்த மறையுரை இதுவல்ல. ஐரோப்பாவில் விசுவாசம் செத்துவிட்டது, கோயிலை விற்றுத் தின்கிறார்கள் என்று காரசாரமாக ஒன்று எழுதி வைத்திருந்தோம். அப்படிப்பட்ட பிரசங்கம் நம் ஊரில் நன்றாக எடுபடும். ஆனால் அந்த இரண்டு ஆலயங்களின் கதையைப் படித்துப் பார்த்தபோது எழுதியதைக் கிழித்துப் போட வேண்டியதாயிற்று. அந்தத் துறவியரை வெளியேற்றியது இன்றைய மக்கள் அல்ல. 1790களில் அந்த நகரைப் பிடித்த பிரெஞ்சு அரசு. அதன்பிறகு விடுதிக் கட்டடம் இராணுவக் கிடங்காக இருந்தது. புத்தகக் கடையாகிவிட்ட ஆலயம் ஒரு காலத்தில் சைக்கிள் நிறுத்துமிடமாகக்கூட இருந்திருக்கிறது. இருநூறு வருடம் துப்பாக்கியும் சைக்கிளும் கிடந்த இடத்தில் இன்று ஒருவன் குளிருக்கு ஒதுங்கிப் படுத்திருக்கிறான் என்றால், அதற்காக அவனைத் திட்ட எங்களுக்கு மனம் வரவில்லை.

இன்றைக்கும் ஐரோப்பாவில் ஆலயங்கள் மூடப்படுகின்றன, அது உண்மைதான். திருஅவைச் சட்டத் தொகுப்பின் 1222ஆம் சட்டம், வழிபாட்டுக்கு இனிப் பயன்படுத்த முடியாத ஆலயத்தை, இழிவானதாக இல்லாத உலகியல் பயன்பாட்டுக்கு ஆயர் விட்டுக்கொடுக்கலாம் என்கிறது. 2018 நவம்பரில் உரோமையில், கடவுள் இனி இங்கே குடியிருக்கவில்லையா என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து இதற்காக ஒரு மாநாடு கூட்டினார்கள். அதற்குத் திருத்தந்தை பிரான்சிஸ் அனுப்பிய செய்தியில் புனித லாரன்ஸை நினைவூட்டினார். திருஅவையின் செல்வங்களை ஒப்படை என்று ஆட்சியாளன் கேட்டபோது, ஏழைகளைக் கூட்டி வந்து காட்டினாரே, அந்த லாரன்ஸ். கட்டடத்தைப் பற்றிப் பேசக் கூடியவர்களுக்கு அவர் ஏன் இந்தக் கதையைச் சொன்னார் என்று நாங்கள் யோசித்தோம்.

ஒரு விஷயத்தை இடையில் சொல்ல வேண்டும். லண்டன் ஈலிங்கில் உள்ள கனக துர்க்கை அம்மன் கோயில் ஒரு பழைய கிறிஸ்தவ ஆலயக் கட்டடத்தில்தான் நடக்கிறது. ஊரைவிட்டுப் போன ஈழத்தமிழர்கள் அங்கே கூடிக் கும்பிடுகிறார்கள். அந்தச் சுவர்களுக்குச் செபச் சத்தம் நின்றுபோகவில்லை.

இனி நற்செய்திக்கு வருவோம். மரியா தம் மகனைத் தீவனத் தொட்டியில் கிடத்தியதற்கு லூக்கா சொல்லும் காரணம் நம் எல்லாருக்கும் தெரியும்: தங்குமிடத்தில் இடமில்லை. அங்கே லூக்கா எழுதிய கிரேக்கச் சொல் 'கத்தாலுமா'. விருந்தாளி வந்து தங்கும் அறை என்று பொருள். நல்ல சமாரியர் உவமையில் காசு கொடுத்துத் தங்குகிற சத்திரம் வருகிறதே, அதற்கு லூக்கா வேறு சொல் போடுகிறார். ஆனால் 'கத்தாலுமா' என்ற அதே சொல்லை 22ஆம் அதிகாரத்தில் இன்னொரு முறை எழுதுகிறார். எங்கே தெரியுமா? பாஸ்கா உணவு உண்ண இயேசு கேட்கிற அறைக்கு. பிறந்தபோது அவருக்குக் கிடைக்காத விருந்தினர் அறை, இறப்பதற்கு முந்தின இரவு கிடைத்தது. அங்கேதான் அவர் அப்பத்தை எடுத்தார். நாம் திருப்பலி என்று சொல்வது முதலில் நடந்தது ஒரு விருந்தினர் அறையில்.

அதன்பிறகும் நெடுங்காலம் கிறிஸ்தவர்களுக்குக் கோயில் கிடையாது, வீடுகள்தான். சிரியாவில் தூரா எவுரோப்போஸ் என்ற இடத்தில் 1930களின் தொடக்கத்தில் ஒரு வீட்டைத் தோண்டியெடுத்தார்கள். 3ஆம் நூற்றாண்டு வீடு. அதன் அறைகளை மாற்றி வழிபாட்டு இடமாக்கியிருந்தார்கள். திருமுழுக்கு அறையின் சுவரில் ஆட்டைத் தோளில் சுமக்கும் ஆயர், கிணற்றடிப் பெண், கட்டிலைத் தூக்கிக்கொண்டு நடக்கும் முடக்குவாதக்காரர் எல்லாரையும் வரைந்திருந்தார்கள். பெரிய ஓவியர் கை அல்ல. நம் ஊரில் கடைச் சுவரில் வரைகிற மாதிரி, எளிய கோடுகள். படம் நிறைந்த வீடு கோயிலாயிற்று. இப்போது படம் நிறைந்த கோயில் வீடாகிறது. எது முதலில், எது பிறகு என்று பார்த்தால் நமக்குக் கொஞ்சம் தலை சுற்றும்.

நம் கதைக்கு வருகிறோம். சில வருடங்களுக்கு முன், இதே மார்கழியில் நடந்தது. எங்கள் இளைஞர்கள் குடில் வேலையில் இருந்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் சுவர் விளம்பரம் எழுதும் ஓவியர் ஒருவர், கிறிஸ்தவர் அல்லர், வருடா வருடம் எங்கள் குடிலுக்கு வானமும் மலையும் வரைந்து தருவார். அவர் கையில் பெத்லகேம் மலை அப்படியே சதுரகிரி மாதிரி வரும். யாரும் திருத்தச் சொன்னதில்லை. அந்தத் திரைகளும், பெட்டியிலிருந்து எடுத்த சுரூபங்களும், ஆடு மாடு ஒட்டகங்களும் மறைக்கல்வி வகுப்பறையில் கிடந்தன. ராத்திரி எட்டரை இருக்கும், மலைப்பக்கத்திலிருந்து நல்ல மழை. நெடுஞ்சாலையில் நடந்து வந்த ஐயப்ப பக்தர்கள் பத்துப் பன்னிரண்டு பேர், தலையில் இருமுடி, கூட ஒரு சின்னப் பையன், கேட் அருகே வந்து நின்றார்கள்.

"சாமி, மழை விடுற வரைக்கும் ஒதுங்கிக்கலாமா சாமி?"

நம் பக்கம் குருவானவரும் சாமி, மாலை போட்டவரும் சாமி. எந்தச் சாமி எந்தச் சாமியைக் கேட்கிறது என்று ஒரு கணம் சிரிப்புக்கூட வந்தது. அப்புறம் நாங்கள் செய்ததுதான் சொல்ல வெட்கமானது. கேட்டைத் திறக்காமல் கூடிப் பேசத் தொடங்கினோம். புதுசாகப் போட்ட கிரானைட் தரை, மண்டபத்தில் சேறாகிவிடும் என்றார் ஒருவர். சுரூபங்கள் வெளியே கிடக்கின்றன, ஒன்று காணாமல் போனால் யார் பொறுப்பு என்றார் இன்னொருவர். அவர்கள் சரணம் போட்டால் நாளைக்கு ஊரில் என்ன பேசுவார்கள் என்றும் ஒரு குரல். ஒவ்வொன்றுக்கும் நாங்கள் தலையாட்டிக்கொண்டுதான் நின்றோம். இருபது நிமிடம் ஓடிவிட்டது. திரும்பிப் பார்த்தால் கேட் அருகே யாரும் இல்லை.

பாடகர் குழு ஒத்திகைக்குப் பேத்தியைக் கூட்டிவந்த ஒரு அம்மா அதுவரை பேசாமல் உட்கார்ந்திருந்தார். மன்னார்ப் பக்கத்திலிருந்து அகதியாக வந்து இங்கே தங்கிவிட்டவர். அவர் எழுந்து சொன்னார்: "மடுவில நாங்கள் மாதாவிட கோயிலுக்குள்ளதான் படுத்தனாங்கள். பிள்ளையள் பீடத்துக்குக் கிட்டப் படுத்ததுகள். மாதா ஒண்டும் சொல்லேல்லை."

மடு அன்னையின் திருத்தலத்தில் போர்க்காலத்தில் ஆயிரக்கணக்கானோர் தஞ்சம் இருந்ததையும், 1999 நவம்பரில் அங்கேயே குண்டு விழுந்து மக்கள் செத்ததையும் நாங்கள் செய்தியாகப் படித்திருந்தோம். இவர் அங்கே இருந்தவர் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

கோயில்பிள்ளை குடையைக்கூட எடுக்கவில்லை. மழையிலேயே ஓடினார். சாலைக்கு எதிரே மூடிக்கிடந்த ஒரு கடையின் தகரத்துக்கு அடியில், நனைந்தபடி சுவரோடு ஒட்டி நின்றிருக்கிறார்கள். முதலில் வர மறுத்தார்களாம். உங்களுக்கு எதுக்கு சாமி சிரமம் என்றார்களாம். அந்தச் சின்னப் பையன் நடுங்கியதைக் காட்டித்தான் அவர் கூட்டிவந்தார்.

மண்டபத்துக்கு வர அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. மறைக்கல்வி அறையே போதும் என்றார்கள். சூசையப்பரையும் இடையர்களையும் ஓரமாக நகர்த்தி, நடுவில் குடிலுக்கு வாங்கின வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் சாக்கு விரித்துக் கொடுத்தோம். ஒருவர் வீட்டிலிருந்து சுக்குக் காப்பி வந்தது. பையன் மட்டும் தூங்காமல் ஒவ்வொரு சுரூபமாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். சதுரகிரி மலையைப் பார்த்ததும், "இது எங்க ஊர்ல இருந்து தெரியுற மலை" என்றான்.

விடியுமுன் போய்விட்டார்கள். காலைத் திருப்பலிக்குப் பிறகு கதவைத் திறந்தபோது அறை சுத்தமாகப் பெருக்கியிருந்தது. சாக்குகள் மடிக்கப்பட்டிருந்தன. ஒட்டகத்தின் கழுத்தில் யாரோ மறந்துவிட்ட ஒரு கறுப்புத் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. கோயில்பிள்ளை அதைத் துவைத்து, திருவுடை அறை அலமாரியில் வைத்திருக்கிறார். வழியில் போகிறவர்கள் யாராவது கேட்டு வருவார்கள் என்று ஒவ்வொரு மார்கழியும் எடுத்து வெயிலில் போடுகிறார்.

மாஸ்ட்ரிக்டில் இருக்கிற மகன் ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று அந்தத் தாயிடம் சொன்னோம். கிறிஸ்துமஸ் இரவுத் திருப்பலிக்குப் பக்கத்தில் திறந்திருக்கிற கோயில் எது என்று விசாரித்து வைக்கச் சொல்லுங்கள் என்றும் சொன்னோம்.

நம்மிடம் கேட்க ஒன்று இருக்கிறது. வருகிற ஞாயிறு பங்குப் பேரவை கூடும்போது, குடில் செலவுக் கணக்கைப் படிப்பதற்கு முன்னால், தயவுசெய்து இதை முடிவு செய்யுங்கள்: இந்த மாதம் முழுக்க ராத்திரியில் மறைக்கல்வி அறைச் சாவி யார் வீட்டில் இருக்கும்? அந்த வீடு கேட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது.