பனியன் போட்டுவிடும் கை

திருப்பூர், அவிநாசி, பல்லடம் வட்டாரத்து லைன் வீடுகளில், மகனும் மருமகளும் ஒன்றரை ஷிப்டுக்காகப் பனியன் கம்பெனிக்குப் புறப்பட்டுவிட்ட பிறகு, 'ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு' என்று சொல்லப்படும், பக்கவாதம் வந்த பெரியவரைப் பகல் முழுதும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, பெரும்பாலும் அவரைப் போலவே வயது சென்ற அவருடைய மனைவியின் தலையில் விழுகிறது. அந்த அம்மாளின் கைகளைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

அதற்கு முன், கையினாலேயே செய்யும் ஒரு சிகிச்சையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்; அதன் பெயர் ஆஸ்டியோபதி. 1864-இல் தம் குழந்தைகள் மூவரை மூளைக்காய்ச்சலுக்குப் பறிகொடுத்து, அக்கால ஔஷதங்களில் நம்பிக்கை இழந்த ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற அமெரிக்க வைத்தியர், 1874-இல் இதை அறிவித்து, 1892-இல் மிசௌரி மாகாணத்துக் கர்க்ஸ்வில் நகரில் இதற்கென ஒரு பள்ளியும் நிறுவினார். சரீரம் முழுவதும் ஒன்றே, ஓரிடத்து இறுக்கம் பிறிதோரிடத்தைப் பாதிக்கும் என்பது அவருடைய அடிப்படைக் கொள்கை. பக்கவாதத்தில் செத்துப்போன மூளைப் பகுதியை இம்முறை உயிர்ப்பிக்கும் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. விழுந்த கை காலுக்குப் புறா இரத்தம் தடவும் நாட்டு வழக்கத்துக்கு இல்லாததைப் போலவேதான். இறுகிய தசையை மெல்லத் தளர்த்துவதும், விலாவின் மேல் உள்ளங்கையை வைத்து மூச்சின் ஏற்ற இறக்கத்தோடு இசைந்து செல்வதும் நோயாளிக்கு ஓரளவு சுகம் தரலாம். கழுத்தைச் சடக்கென்று திருப்பிச் சொடுக்கெடுப்பதோ, யார் செய்தாலும், பக்கவாதம் கண்டவருக்கு ஆகாத காரியம். கழுத்து வழியே மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாயின் உட்சுவர் அதனால் கிழிந்து, புதிதாகவே ஒரு பக்கவாதம் வரக்கூடும்.

இனி, அந்த அம்மாளின் கைகள் காக்க வேண்டிய தோளுக்கு வருவோம். பக்கவாதம் வந்த ஆரம்ப வாரங்களில் தோளைப் பிடித்து நிறுத்தும் தசைகள் தளர்ந்துவிடுவதால், கையின் கனமே அதன் எலும்பைக் குழியிலிருந்து கீழே இழுத்துவிடலாம். அந்த நிலையில், எழுப்பி உட்காரவைக்க வேண்டுமென்ற அவசரத்தில் விழுந்த கையைப் பற்றி இழுத்தால், மாதக்கணக்கில் தூக்கத்தைக் கெடுக்கும் தோள்வலி வந்து சேரலாம். தோள்பட்டைக்குப் பின்னால் உள்ளங்கையைக் கொடுத்துத் தாங்கித்தான் புரட்ட வேண்டும். உலகத்துக்கே பனியன் தைக்கும் ஊரில் இதையும் சொல்லிவிடுகிறேன்: போட்டுவிடும்போது விழுந்த கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது நல்ல கையை முதலில் விடுவித்து, விழுந்த கையைக் கடைசியில் எடுக்க வேண்டும். மடங்கி இறுகிய விரல்களை வலுவில் பிரிக்காமல், மணிக்கட்டை உட்புறமாக மெல்ல மடக்கினால், அவை தாமாகவே சற்று இளகிக் கொடுக்கும். உட்காரவைத்து ஊட்டுதல், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் பக்கம் மாற்றிப் படுக்கவைத்தல் ஆகியவற்றை ஆஸ்பத்திரியிலேயே சொல்லி அனுப்பியிருப்பார்கள்.

இவ்வளவும் செய்தும் பெரியவர் நடக்கவில்லையென்றால், 'நீ சரியாகப் பார்க்கவில்லை' என்று வீட்டுக்கு வருகிற உறவினர் அந்த அம்மாளிடம் சொல்லிவிட்டுப் போகிறார்களே, அது பெரிய அநியாயம். இந்திய மருத்துவமனைகள் 14-இல் 1,250 நோயாளிகளைக் கொண்டு நடத்தி, 2017-இல் 'லான்செட்' சஞ்சிகையில் வெளிவந்த ஆராய்ச்சியில், ஒரு சாராரின் குடும்பத்தாருக்கு வீட்டுப் பயிற்சி கற்பித்தார்கள்; மறு சாராரை வழக்கமான கவனிப்போடு விட்டார்கள். ஆறு மாதத்தில் இறந்தோரும் பிறர் கையை எதிர்பார்த்து வாழ்வோருமாக, இரு பக்கத்திலும் 100-க்கு 47 பேர்! வீட்டாரின் பிரயாசையால் மட்டுமே கை கால் திரும்பிவிடாது என்று இதற்குப் பொருளே தவிர, தோளைக் காப்பதும் படுக்கைப்புண் வராமல் தடுப்பதும் வீண் என்று பொருளன்று.

தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருகிறார். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம். அவர் வரும்போது, மாலையில் திரும்பப்போகும் மகனுக்காகக் காத்திராமல், பகலில் கூட இருப்பவருடைய கையையே பிடித்துக் காட்டித்தரச் சொல்லுங்கள். இரத்த அழுத்த மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். மறுபடியும் வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, தடவ எண்ணெய் தேடாமல் 108-ஐ அழையுங்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியிருப்பதால், பெரியவர் கடைசியாக நன்றாயிருந்தது எத்தனை மணிக்கு என்பதை ஆஸ்பத்திரியில் முதலாவதாகச் சொல்லுங்கள்.