நஞ்சை அறியும் நரம்பணு

தங்கவயற் சுரங்கங்கள் 2001-இல் மூடப்பெற்றன. ஆயினும் மண்ணும் காயமும் நம்மை விட்டு அகலவில்லை. மண்ணில் உறையும் கிருமி காயத்துட் புகுந்து சுரக்கும் நஞ்சே இரணஜன்னிக்குக் காரணம்; தாடையைப் பூட்டி, உடலை வில்லாய் வளைக்கும் நோய் அது. அந்நஞ்சுக்கு உறவான பொட்டுலினம் என்னும் நஞ்சோ, கெட்ட டப்பா உணவில் தோன்றி, தசைகளைத் தளர்த்தி மூச்சை நிறுத்தும்.

பொட்டுலினத்தின் வலிமையை அளக்க, சுண்டெலிகளுக்கு ஊசியேற்றி, மடிந்தவற்றை எண்ணுவதே நெடுநாள் வழக்கு. இன்றோ ஆய்வுக் கலத்தில் வளர்த்த நரம்பணுக்களில் அதனை இடுகின்றனர். அது அணுவைப் பற்றி, உட்புகுந்து, அங்குள்ள புரதத்தை எவ்வளவு வெட்டுகிறது என அளக்கின்றனர். இந்நஞ்சினின்றே ஆக்கப்படும், தசையிறுக்கம் தீர்க்கும் மருந்தொன்றிற்கு இம்முறையை அமெரிக்க அரசு 2011-இல் ஏற்றது. எலிகள் பல உயிர் பிழைத்தன.

ஆய்வு எவ்வளவு வளரினும், காயம்பட்ட அன்றே புண்ணைக் கழுவித் தடுப்பூசி பெறுவதை நாம் மறவாதிருப்போமாக.