யவனத் தீவுகளுக்கு ஒரு கூட்டுப் பயணம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் சுற்றுலாக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)

 

வரும் மே மாதம் நம் சங்கத்தார் இருபதின்மர் கிரேக்க நாட்டுத் தீவுகளுக்குச் செல்லவிருக்கின்றனர். அப்பயணத்தைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். சுற்றுலாக் குழுவில் நாங்கள் ஐவர் இருக்கின்றோம். ஐவரும் புகைவண்டித் துறையினர். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு பணியிற் சேர்ந்தவர்கள். கிரேக்க வரலாற்றைப் பற்றி விரிவுரை ஆற்றும் தகுதி எங்களுக்கு இல்லை. ஆனால், ஒரு கூட்டம் பயணத்துக்கு எவ்வாறு திட்டமிட வேண்டும், எவ்வாறு திட்டமிடலாகாது என்னும் இரண்டையும் இந்த ஓராண்டில் பட்டறிந்தோம். பட்டதைச் சொல்லுவதற்குப் பட்டம் வேண்டுவதில்லை அன்றோ?

இந்த எண்ணம் பிறந்ததே இந்த மேடையில்தான். சென்ற ஆண்டு விழாவில் நம் ஞாயிறு வகுப்புச் சிறுவர்கள் யவனர் வணிகத்தைப் பற்றி ஒரு சிறு நாடகம் நடித்தார்கள். யவனர் மரக்கலங்கள் முசிறிக்குப் பொன்னைக் கொண்டுவந்து மிளகை ஏற்றிச் சென்ற செய்தி அகநானூற்றிலே இருக்கிறது. அக்கலங்களில் வந்தவருட் பலர் கிரேக்க மொழி பேசியவர்கள். உரோமரின் ஆட்சியிலிருந்த எகிப்து நாட்டுத் துறைமுகங்களிலிருந்து புறப்பட்டவர்கள். தென்மேற்குப் பருவக்காற்றோடு வந்து, வடகிழக்குக் காற்று எழும்வரை காத்திருந்து மீண்டார்கள். நாடகம் முடிந்ததும் ஒரு சிறுமி கேட்டாள்: "அவர்கள் இங்கே வந்தார்களே, நாம் அங்கே போனதுண்டா?" அவையோர் சிரித்தனர். நாங்களும் சிரித்தோம். ஆயினும் அந்த வினா எங்களை விடவில்லை. அடுத்த மாதமே ஓர் ஏட்டைத் திறந்தோம். இருபத்து நால்வர் பெயர் கொடுத்தனர்.

கிரேக்க நாட்டுக்குத் தீவுகள் சிறியவும் பெரியவுமாக ஏறத்தாழ 6,000 உண்டு என்பர். அவற்றுள் மக்கள் வாழ்பவை 227. ஈஜியன் கடலின் நடுவே டீலோஸ் என்னும் புனிதத் தீவைச் சுற்றி வட்டமாக அமைந்தவற்றுக்குச் சைக்ளேட்ஸ் என்று பெயர். வட்டம் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. வெள்ளை வீடும் நீலக் கடலுமாக நாட்காட்டிகளில் நாம் காணும் படங்கள் பெரும்பாலும் இந்தத் தீவுகளைச் சேர்ந்தவையே.

படங்களைப் பார்த்து மயங்கிய நாங்கள் ஒரே இரவில் ஒரு திட்டம் தீட்டினோம். எட்டு நாள், ஐந்து தீவு! மிக்கோனோஸ், பாரோஸ், நாக்சோஸ், சாந்தோரினி, கிரீட் என வரிசையாக எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். பார்த்தவர் எல்லாரும் பாராட்டினர். ஆனால் இரண்டு வாரத்திற்குள் எழுவர் தம் பெயரைச் சத்தமின்றி அடித்துவிட்டனர். காரணம் கேட்டபோது, "வீட்டில் வேலை இருக்கிறது", "விடுப்புக் கிடைப்பது ஐயம்" என்றார்கள். அவ்வெழுவருள் ஒருவர், அந்த யவனர் நாடகத்தை எழுதிச் சிறுவர்க்குக் கற்பித்த ஆசிரியை அம்மையார். எழுபதைக் கடந்தவர்; முழங்கால் நோயுடையவர். அவர்மட்டும் உண்மையைச் சொன்னார்: "தம்பி, என் பெயரை எடுத்துவிடுங்கள். நான் வந்தால் படிக்குப் படி நீங்கள் எல்லோரும் எனக்காக நிற்கவேண்டி வரும். போய் வந்து சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்."

அன்று மாலை நாங்கள் ஐவரும் தலைகுனிந்து அமர்ந்திருந்தோம். யவனரை இந்த மேடைக்குக் கொண்டுவந்தவரை இங்கேயே விட்டுவிட்டு நாம் யவன நாடு செல்வதா? அத்தகைய பயணத்துக்குச் சங்கம் எதற்கு? தனித்தனியே செல்லலாமே!

பின்னர் எங்கள் தொழில் எங்களுக்குக் கைகொடுத்தது. கால அட்டவணை எழுதுவதைப்போல அந்தத் திட்டத்தை மணிக்கணக்கில் எழுதிப் பார்த்தோம். ஏதென்ஸ் நகரின் துறைமுகமாகிய பிரேயஸில் தொடங்கி அங்கேயே முடியும் அச்சுற்றுக்கு ஆறு கப்பல் ஏறவேண்டும். ஒவ்வொரு முறையும் மூட்டை கட்டி, விடுதி அறையைக் காலையில் ஒழித்து, துறைமுகத்தில் முன்கூட்டியே சென்று காத்திருந்து, கடல் கடந்து, அடுத்த விடுதியில் பிற்பகல் அறை திறக்கும்வரை வாயிலில் நிற்கவேண்டும். ஒவ்வொன்றுக்கும் குறைந்தது அரை நாள். ஆறு அரை நாள் மூன்று முழு நாள். எட்டில் மூன்று நாள் மூட்டைக்குக் காவல்! ஐந்து தீவு காண்பதாக எழுதினோம். உண்மையிற் காணவிருந்தது ஐந்து துறைமுகம்.

வேறொரு பிழையும் புலப்பட்டது. நம் வண்டி தண்டவாளத்தின்மேல் ஓடுவது; தாமதமானாலும் வந்து சேரும். கப்பலோ காற்றின் தயவில் ஓடுவது. ஈஜியன் கடலில் கோடைதோறும் வடக்கிலிருந்து மெல்டெமி என்னும் வறண்ட காற்று வீசுகிறது. பழைய கிரேக்கர் அதற்கு 'ஆண்டுக் காற்று' என்று பொருள்படப் பெயரிட்டிருந்தனர். சூலை, ஆகத்து மாதங்களில் அதன் வேகம் மிகுதி. காற்று போஃபோர்ட் அளவையில் ஏறத்தாழ 8-ஐ எட்டினால் துறைமுக அதிகாரிகள் கப்பல்களை நிறுத்திவிடுவர்; விரைவுப் படகுகள் அதற்கு முன்பே நின்றுவிடும். கப்பல் நின்றால் பயணச்சீட்டுப் பணத்தைத் திருப்பிப் பெறவோ வேறு கப்பலில் செல்லவோ ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் உரிமை தருகிறது. ஆனால் தவறிப்போன விமானத்தை அந்தச் சட்டம் திருப்பித் தருமா? எங்கள் முதல் திட்டத்தில் கடைசிக் கப்பல் காலையில் வந்து சேரும். அன்று மாலையே விமானம். இணைப்பு வண்டிக்கு இடைவெளி விடாமல் அட்டவணை எழுதும் எழுத்தரை மேலதிகாரி என்ன சொல்லுவார் என்பதை இங்குள்ள துறை அன்பர்கள் அறிவார்கள்!

ஆகவே அந்தத் தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினோம். மூன்று விதிகளை வகுத்துக்கொண்டோம்.

முதல் விதி, மெல்ல நடப்பவரே வண்டியின் வேகத்தை முடிவு செய்வார் என்பது. இதன்படி நாக்சோஸ் என்னும் ஒரே தீவில் ஐந்து இரவு தங்குவதென்று முடிவாயிற்று. சைக்ளேட்ஸ் தீவுகளில் பரப்பால் பெரியது அதுவே. பிரேயஸிலிருந்து பெரிய கப்பலில் ஐந்து, ஐந்தரை மணி நேரம். துறைமுகத்தை ஒட்டியே ஊர். ஊரை அடுத்துச் சமதரையான மணற்கரை. கி.மு. ஆறாம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கி முற்றுப்பெறாமற்போன கோயில் ஒன்றின் பளிங்கு வாயில்மட்டும் கடலை நோக்கி நிற்கிறது. மாலையில் அதனெதிரே அமர்ந்திருப்பதற்கு முழங்கால் வலிமை மிகுதியாக வேண்டியதில்லை. வலிமையுள்ள இளைஞர் ஆயிரம் மீட்டர் உயரமுள்ள சாஸ் மலையில் ஏறலாம். அல்லது படகிலே டீலோஸ் சென்று இடிபாடுகளைக் கண்டு மீளலாம். டீலோஸில் நிழல் அரிது. இரவு தங்கவும் அனுமதியில்லை. மாலையில் எல்லாரும் ஒரே பந்தியில் உண்போம்.

இரண்டாம் விதி, இயலாது என்று எவரும் வாய்விட்டுச் சொல்லவேண்டிய நிலை நேரலாகாது என்பது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் பெயரெழுதாத சீட்டு ஒன்று கொடுத்து, ஆளொன்றுக்கு எவ்வளவு செலவிட இயலும் என்று எழுதிப் பெட்டியில் இடச் சொன்னோம். மிகக் குறைந்த தொகை எங்கள் பழைய திட்டத்தில் ஏறத்தாழப் பாதியாக இருந்தது. முன்பு கேட்ட 'வீட்டு வேலை'யின் பொருள் அப்போதுதான் விளங்கியது. அந்தத் தொகைக்குள்ளேயே பொதுச் செலவை அடக்குவது என்று உறுதிகொண்டோம். அந்தச் சீட்டு யாருடையது என்பதை இன்றுவரை நாங்கள் அறியோம். அறிய விரும்பவும் இல்லை.

இதனாலேயே சாந்தோரினியில் தங்குவதைக் கைவிட்டோம். ஏறத்தாழ 3,600 ஆண்டுகளுக்கு முன் எரிமலை வெடித்து நடுப்பகுதி கடலில் அமிழ்ந்த தீவு அது. எஞ்சிய செங்குத்துப் பாறையின் விளிம்பிலே வீடுகள் தொங்குகின்றன. காண வேண்டிய காட்சிதான். ஆனால் அந்த விளிம்பில் ஓர் இரவுக்கு அறைக்கூலி மிகுதி. 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அங்கே தொடர்ந்து நில நடுக்கம் ஏற்பட்டு, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் தீவைவிட்டு வெளியேறியதையும் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். நாக்சோஸிலிருந்து ஒருநாள் காலையில் சென்று மாலையில் திரும்புவது. காற்று மிகுந்தால் செல்லாமலே இருப்பது என்று முடிவு செய்தோம். இந்த முடிவை ஏற்க இயலாமல் நால்வர் அடங்கிய குடும்பம் ஒன்று விலகிக்கொண்டது. சாந்தோரினியே அவர்கள் நெடுநாட் கனவு. அவர்கள்மீது எங்களுக்கு வருத்தமில்லை. எல்லாரையும் மகிழ்விக்கும் திட்டம் எங்களால் இயலவில்லை. எவரையும் தள்ளிவிடாத திட்டமே இயன்றது.

மூன்றாம் விதி, விமானத்துக்கும் கடைசிக் கப்பலுக்கும் இடையே ஒரு முழு நாள் சும்மா இருக்கவேண்டும் என்பது. திரும்பும்போது ஏதென்ஸில் இரண்டு இரவு. காற்று நம்மைத் தடுத்தால் அந்த நாள் கடனை அடைக்கும். தடுக்காவிட்டால் பிரேயஸிலிருந்து ஒன்றேகால் மணித் தொலைவிலுள்ள ஏஜினா தீவுக்குச் சென்று, பிஸ்தாத் தோப்புகளையும் அஃபாயா கோயிலையும் கண்டு மீளலாம்.

இப்போது நடைமுறைச் செய்திகள் சில. காலம் மே மாதமாக அமைந்தது நற்பேறு. பிள்ளைகளுக்கு இங்கே கோடை விடுமுறை; அங்கே இளவேனில். வெயிலும் காற்றும் கூட்டமும் ஆகத்து மாதத்தைக் காட்டிலும் குறைவு. கடல் நீர்மட்டும் சற்றுக் குளிர்ந்திருக்கும்.

விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதத்திற்கு முன்னரே விண்ணப்பிக்க இயலாது. பதினைந்து நாளுக்குப் பின்தங்கவும் கூடாது. 2024-ஆம் ஆண்டிலிருந்து பெரியவர்க்குக் கட்டணம் 90 யூரோ. ஆறு வயது நிரம்பிப் பன்னிரண்டு நிரம்பாத பிள்ளைகளுக்கு 45. அதற்கும் இளையவர்க்கு இல்லை. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். கடவுச்சீட்டு, திரும்பும் நாளுக்குப் பின்னும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். அரசுப் பணியாளர் விடுப்போடு, வெளிநாடு செல்ல அலுவலக அனுமதியையும் எழுத்திற் பெறவேண்டும். கூட்டமாகச் சென்றாலும் விண்ணப்பம் தனித்தனியே ஆராயப்படும். ஒருவர்க்குக் கிடைத்து ஒருவர்க்கு மறுக்கப்படலாம். மறுக்கப்பட்டால் கட்டணம் திரும்பாது. அவ்விழப்பைப் பொதுநிதியே ஏற்கும் என்று முன்கூட்டியே எழுதிக் கையெழுத்திட்டுள்ளோம். நட்பு கெடுவது பெரும்பாலும் எழுதி வைக்காத காசினால்தானே?

சைவ உணவினர் கவலை கொள்ள வேண்டாம். அந்நாட்டுத் திருச்சபையினர் ஆண்டில் பல நாள் நோன்பு காப்பவர். இறைச்சியும் பாலும் முட்டையும் சேராத நோன்புணவுகள் அவர்களிடம் வழிவழியாக உண்டு. எண்ணெயில் வேகவைத்த காய்கறி, பெரிய மொச்சை போன்ற அவரை, மஞ்சட் பருப்பு மசியல் ஆகியவை கிடைக்கும். திராட்சை இலையில் சோற்றைப் பொதிந்த பண்டத்தில்மட்டும் இறைச்சி கலந்துள்ளதா என்று கேட்டு உண்ணவேண்டும். நாக்சோஸில் உருளைக்கிழங்கு பெயர் பெற்றது. நம் நாரத்தைக்கு உறவான கனி ஒன்றைச் சர்க்கரைப் பாகிலிட்டு இனிப்பும் செய்கின்றனர்.

துறை அன்பர்க்கென ஒரு செய்தி. ஏதென்ஸ் விமான நிலையத்திலிருந்து பிரேயஸ் துறைமுகம்வரை 2022 முதல் மெட்ரோ வண்டி நேரே செல்லுகிறது. அங்கிருந்து ஏதென்ஸ் நகருக்குள் செல்லும் பழைய பாதையோ 1869-இல் திறக்கப்பட்டது. கிரேக்க நாட்டின் முதல் இருப்புப்பாதை அதுவே. நம் பம்பாய்-தாணா வண்டி ஓடியது 1853-இல். பதினாறு ஆண்டு மூத்தவர் என்னும் பெருமிதத்தோடு நாம் அதில் அமரலாம்!

அன்பர்களே, புதிய திட்டத்தைப் பலகையில் ஒட்டிய மறுநாள் ஆசிரியை அம்மையாரின் இல்லம் சென்றோம். தாளை இருமுறை படித்தார்கள். "இதில் எனக்காகக் குறைத்தது எவ்வளவு?" என்று கேட்டார்கள். "மூன்று தீவு குறைத்தோம், அம்மா, எங்களுக்கு மூன்று நாள் கூடிற்று" என்றோம். சற்று நேரம் பேசவில்லை. பிறகு கடவுச்சீட்டைப் புதுப்பிக்க என்னென்ன தாள் வேண்டும் என்று கேட்டார்கள். மற்ற அறுவரும் அந்த வாரமே வந்து பெயர் கொடுத்தனர். வினாவை எழுப்பிய சிறுமியும் வருகிறாள்.

காற்று இசைந்தால் சாந்தோரினியையும் காண்போம். இசையாவிட்டால், முசிறியில் காற்றுக்காகக் காத்திருந்த யவனரைப்போல, நாக்சோஸ் கரையில் காத்திருப்போம். இருபதின்மரும் சேர்ந்து காத்திருப்போம் என்பதே எங்களுக்குப் போதும். நலமே சென்று மீண்டபின், அடுத்த ஆண்டு விழாவில் இதே மேடையில் கணக்கையும் கதையையும் ஒப்படைப்போம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்! வணக்கம்.