கைப்பேசி நம்முடையது, கதவு யாருடையது?



நம் கைப்பேசியில் எந்தச் செயலியை நிறுவுவது என்பதை விலைகொடுத்து வாங்கிய நாம் முடிவு செய்வதா, மென்பொருளை ஆக்கிய நிறுவனம் முடிவு செய்வதா? தொழில்நுட்பம் கற்றோரின் சில்லறைச் சச்சரவாக இதனை ஒதுக்கிவிட இயலாது.

நிறுவனத்தின் கடைக்கு வெளியேயிருந்து செயலியைப் பெறுவதை 'சைட்லோடிங்' என்கிறார்கள். அச்சொல்லைத் தமிழாக்க முற்பட்டபோதுதான் அதன் சூது எனக்குப் புலப்பட்டது. கணினியில் இதே செயலை வெறுமனே 'நிறுவுதல்' என்றே சொல்லி வந்தோம். கைப்பேசிக்கு வந்ததும் அவர்களின் கடை தலைவாசலாயிற்று, மற்றவையெல்லாம் புழக்கடை. நான் 'நிறுவுதல்' என்றே எழுதினேன்.

ஆப்பிள் ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டம் நிர்ப்பந்தித்த பிறகே, 2024 மார்ச்சில், பிற கடைகளுக்கு இடம் விட்டது, இந்தியாவில் விடவில்லை. ஆண்ட்ராய்டில் வழி திறந்திருந்தது. ஆனால் 2025 ஆகஸ்டில் கூகுள் ஓர் அறிவிப்பை வெளியிட்டது: தன்னிடம் அடையாளத்தைப் பதிவு செய்தோர் ஆக்கிய செயலிகளையே சான்று பெற்ற கருவிகள் ஏற்கும், 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்தில் தொடங்கி, பின்னர் உலகெங்கும். எதிர்ப்பு எழவே, அனுபவமுள்ளோர்க்குத் தனிவழி தருவதாகக் கூறியது. உரிமை சலுகையாகச் சுருங்கியது.

பாதுகாப்பே காரணம் என்கிறது கூகுள். இதை நாம் எள்ளி நகையாடக் கூடாது. திருமண அழைப்பிதழ் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. கோப்பைத் தொட்டுச் சேமிப்பைப் பறிகொடுத்த உழைப்பாளிகள் பலர். உரத்த எச்சரிக்கை தேவைதான். ஆனால், காவல் மிகுந்த அந்தக் கடையின் கதை என்ன? 2022 செப்டம்பர் முதல் 2023 ஆகஸ்ட் வரை 2,200க்கும் மேற்பட்ட மோசடிக் கடன் செயலிகளைக் கூகுள் தன் கடையிலிருந்தே நீக்க நேர்ந்ததாக ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. அவை தலைவாசல் வழியே வந்தவை!

வாயிலைக் காப்பவர் ஒருவரே எனில், அரசுக்கும் வேலை எளிது. 2023 மே மாதம் 14 செய்திப் பரிமாற்றச் செயலிகளை ஒன்றிய அரசு முடக்கியது. அவற்றுள் 'பிரையர்', 'எலிமென்ட்' ஆகியவை கட்டற்ற மென்பொருள்கள். இணையம் துண்டிக்கப்பட்டாலும் பிரையர் புளூடூத்தில் இயங்கும். 2025 நவம்பர் இறுதியிலோ 'சஞ்சார் சாத்தி' செயலியைப் புதிய கைப்பேசிகள் அனைத்திலும் முன்னதாகவே நிறுவ ஆணையிட்டது. கண்டனம் வலுத்ததும் டிசம்பர் 3 அன்று பின்வாங்கியது. நாம் விரும்புவதைத் தடுப்பதும் விரும்பாததைத் திணிப்பதும் ஒரே அதிகாரத்தின் இரு கைகள்.

2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்ததைப் பலரும் அறிவோம். கடைக்கு வெளியே செயலிகளை விநியோகிப்பதை எவ்வகையிலும் தடுக்கக் கூடாது என்றும் அவ்வாணை கட்டளையிட்டது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை நிலைநிறுத்தி, இக்கட்டளையை நீக்கிவிட்டது. ஏகபோகத்திற்குத் தண்டத்தொகை ஒரு செலவுக் கணக்கு, கட்டளைதான் வலித்திருக்கும். நீக்கப்பட்ட அந்தக் கட்டளையை நாடாளுமன்றச் சட்டமாக்குமாறு நாம் கோர வேண்டும். வேலைக்காகவே செயலிகளைச் சுமக்க வைக்கப்பட்டுள்ள அங்கன்வாடி ஊழியரிடமும் நூறுநாள் வேலைத் தொழிலாளரிடமும் இக்கோரிக்கையை முதலில் கொண்டுசெல்வோம்.