ஊக்கி எப்படி அமைதி தருகிறது? ஏ.டி.எச்.டி., ஆட்டிசம் உள்ளோரும் காஃபினும்



காப்பி குடித்தால் தூக்கம் கலையும் என்பது பொதுவான அனுபவமாக இருக்க, குடித்த சிறிது நேரத்தில் மனம் அடங்குவதாகவும் கண் செருகுவதாகவும் சொல்வோரும் உளர்; அப்படி நேர்ந்தால் அதுவே ஏ.டி.எச்.டி. என்னும் நிலைக்கு அடையாளம் என்ற கருத்தும் அண்மைக் காலமாகப் பரவி வருகிறது. இக்கருத்தில் எவ்வளவு உண்மை உள்ளது, ஏ.டி.எச்.டி. உள்ளோரிடமும் ஆட்டிசம் உள்ளோரிடமும் காஃபினும் ஊக்கி மருந்துகளும் எவ்வாறு செயல்படுகின்றன என்பவற்றை இவ்வுரை விளக்க முற்படுகிறது.

கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு என்று தமிழில் வழங்கும் ஏ.டி.எச்.டி., கவனத்தை வேண்டிய இடத்தில் வேண்டிய நேரம் நிறுத்துவதிலும், தோன்றிய உந்துதலை அடக்குவதிலும் குழந்தைப் பருவம் தொட்டே காணப்படும் இடர்ப்பாடாகும். ஆட்டிசம் என்பது பிறரோடு உறவாடும் முறையிலும், ஒலி, ஒளி, தொடுகை போன்ற புலனுணர்வுகளை ஏற்கும் அளவிலும், மாறாத ஒழுங்கை நாடும் இயல்பிலும் வெளிப்படுகின்ற வேறுபட்ட மூளை வளர்ச்சி. அமெரிக்க மனநல மருத்துவக் கழகத்தின் நோயறி கையேடு இவ்விரண்டையும் ஒருவரிடமே சேர்த்துக் கண்டறிவதற்கு நெடுங்காலம் இடம் தரவில்லை. 2013இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்புதான் அத்தடையை நீக்கியது. இரண்டும் ஒருங்கே உள்ளோர் பலர் என்பது இன்று ஏற்கப்பட்டுவிட்டதால், இரண்டையும் சேர்த்தே பேச வேண்டியுள்ளது.

காஃபினை 1819ஆம் ஆண்டில் காப்பிக் கொட்டையிலிருந்து பிரித்தெடுத்தவர் ஃபிரீட்லீப் ஃபெர்டினாண்ட் ருங்கே என்னும் ஜெர்மானிய வேதியியலர். அப்பொருள் மூளைக்குப் புதிய ஆற்றல் எதையும் வழங்குவதில்லை. விழித்திருக்கும் நேரம் கூடக்கூட மூளையில் அடினோசின் என்னும் வேதிப்பொருள் சேர்ந்துகொண்டே வருகிறது. நரம்பணுக்களின் மேற்பரப்பில் அதற்கென அமைந்த ஏற்பிகள் என்னும் புரதங்களில் அது பொருந்தும்போது அயர்வு தோன்றுகிறது. அமைப்பில் அடினோசினை ஒத்திருக்கும் காஃபின் அந்த ஏற்பிகளில் முன்னதாகச் சென்று அமர்ந்து, அடினோசினுக்கு இடமில்லாமல் செய்துவிடுகிறது. கடன் கொடுத்தவரை வாசலிலேயே நிறுத்தி வைத்தால் கடன் அடைந்துவிடாது என்பதைப் போல, காஃபின் விலகியதும் தூக்கத்தின் தேவை முன்னிருந்த இடத்திலேயே நிற்பது தெரியவரும்.

காஃபினின் செயல் அத்துடன் முடிவதில்லை. மூளையின் ஆழத்தில், இயக்கத்தையும் செயலூக்கத்தையும் நெறிப்படுத்தும் ஸ்ட்ரையேட்டம் என்னும் பகுதியில், அடினோசின் ஏற்பிகளில் ஒரு வகையும் டோபமைன் ஏற்பிகளில் ஒரு வகையும் ஒரே நரம்பணுக்களில் அருகருகே அமைந்து ஒன்றையொன்று எதிர்த்துச் செயல்படுகின்றன. டோபமைன் என்பது ஒரு செயல் செய்யத் தக்கது, தொடரத் தக்கது என்று மூளைக்கு உணர்த்தும் நரம்புத் தூதுப்பொருள். அடினோசினின் பிடி தளரும்போது டோபமைனின் குறிப்பு வலுப்பெறுவதால், காப்பியும் சிறிதளவுக்குக் கவனத்தைக் கூட்டுகிறது. ஆனால் இது பக்கவாட்டிலிருந்து, மறைமுகமாகக் கிடைக்கும் உதவி.

ஏ.டி.எச்.டி.க்கு அளிக்கப்படும் மெத்தில்ஃபெனிடேட், ஆம்ஃபெட்டமின் ஆகிய ஊக்கி மருந்துகளின் வழி நேரடியானது. ஒரு நரம்பணு வெளியிட்ட டோபமைனையும் நார்-எபிநெஃப்ரினையும் திரும்ப உள்ளிழுத்துக்கொள்ளும் கடத்திப் புரதங்களை மெத்தில்ஃபெனிடேட் அடைத்துவிடுவதால், அத்தூதுப்பொருள்கள் வெளியே கூடுதல் நேரம் தங்கிச் செயல்படுகின்றன. ஆம்ஃபெட்டமின் இதனோடு நில்லாமல், உள்ளிருக்கும் டோபமைனை வெளியே தள்ளவும் செய்கிறது. வழக்கமாகத் தரப்படும் அளவு மெத்தில்ஃபெனிடேட்டே ஸ்ட்ரையேட்டத்திலுள்ள டோபமைன் கடத்திகளில் பாதிக்கு மேற்பட்டவற்றை அடைத்துவிடுவதை, நோரா வோல்கோவும் அவருடைய குழுவினரும் 1990களில் மூளைப் படமெடுப்பு ஆய்வுகளால் காட்டினர்.

ஊக்கி என்று பெயர் பெற்ற மருந்து ஓடியாடும் குழந்தையை எவ்வாறு அமர வைக்கிறது என்னும் வினாவுக்கு விடை நெற்றியின் பின்புறத்திலுள்ள முன்மூளைப் பகுதியில் இருக்கிறது. திட்டமிடுவதும், கவனச் சிதறலை விலக்குவதும், கை நீளுமுன் தடுப்பதும் அப்பகுதியின் பணிகள். அங்கு டோபமைனும் நார்-எபிநெஃப்ரினும் குறைந்தாலும் பணி கெடும், மிகுந்தாலும் கெடும்; இடைப்பட்ட அளவில்தான் அது சிறக்கும் என்பதை யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏமி ஆர்ன்ஸ்டனின் ஆய்வுகள் விளக்கின. தக்க அளவு ஊக்கி கட்டுப்படுத்தும் பகுதியையே வலுப்படுத்துகிறது. உடல் அடங்குவது அதன் விளைவு. அளவு மீறினால் அதே மருந்து பதற்றத்தையும் எரிச்சலையும் தரும்.

இம்மருந்துகளின் பயன் கண்டறியப்பட்டது தற்செயலாகவே. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில், நடத்தைச் சிக்கல்கள் உள்ள குழந்தைகளுக்கென இயங்கிய எம்மா பெண்டில்டன் பிராட்லி இல்லத்தில் பணியாற்றிய மருத்துவர் சார்ல்ஸ் பிராட்லி, அக்காலத்து மூளைப் பரிசோதனை ஒன்றுக்குப் பின் குழந்தைகளை வருத்திய தலைவலியைத் தணிக்கக் கருதி, பென்செட்ரின் என்னும் ஆம்ஃபெட்டமின் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். தலைவலியை விடப் பள்ளிப் பாடத்தில்தான் பெரிய மாற்றம் தெரிந்தது. 30 குழந்தைகளைக் கவனித்து 1937இல் அவர் வெளியிட்ட கட்டுரை, அவர்களுள் 14 பேர் கல்வியில் வியக்கத்தக்க முன்னேற்றம் கண்டதைப் பதிவு செய்தது. பின்னர் 1944இல் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனத்தில் லியாண்ட்ரோ பானிட்சோன் மெத்தில்ஃபெனிடேட்டை உருவாக்கினார்; தம் மனைவி மார்கரீட்டின் செல்லப் பெயரான ரீட்டாவைக் கொண்டு அதற்கு ரிட்டாலின் என்ற பெயர் அமைந்தது.

ஊக்கி கொடுத்தும் குழந்தை அடங்கியதைக் கண்ட மருத்துவர்கள் அதனை முரண் விளைவு என்று அழைத்தனர். அத்தகைய குழந்தைகளின் மூளை மற்ற மூளைகளுக்கு நேர்மாறாக வேலை செய்கிறது என்ற எண்ணமும் அதிலிருந்து வேரூன்றியது. இவ்வெண்ணத்தை அசைத்தது 1978இல் ஜூடித் ராப்பபோர்ட்டும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு. எந்தக் கோளாறும் இல்லாத 14 சிறுவர்களுக்கு ஒரு வேளை டெக்ஸ்ட்ரோஆம்ஃபெட்டமின் கொடுத்தபோது, அவர்களும் ஓட்டம் குறைந்து கூடுதல் கவனத்துடன் செயல்பட்டனர். ஆகவே ஊக்கியால் அமைதி கிட்டுவது ஏ.டி.எச்.டி.க்கு மட்டும் உரிய பண்பன்று. மருந்துக்கு அடங்குவதைக் கொண்டு நோயை உறுதி செய்யவும் முடியாது. மருந்துக்கே பொருந்தாத இச்சோதனை காப்பிக்கு எவ்வாறு பொருந்தும்? காப்பிக்குப் பின் கண் அயர்வதற்கு முந்தைய இரவுகளில் சேர்ந்த தூக்கக் குறை காரணமாகலாம். நாள்தோறும் குடித்துப் பழகியவரிடம் காப்பி வேளை தவறியதால் எழுந்த படபடப்பும் தலைவலியும் அடுத்த கோப்பையால் நீங்குவதே அமைதியாகத் தோன்றவும் கூடும்.

காப்பியையே மருந்தாகக் கொள்ளலாமா என்ற கேள்வியும் ஆராயப்பட்டிருக்கிறது. மிகையியக்கம் உள்ள குழந்தைகளுக்கு ஊக்கி மருந்துக்கு மாற்றாகக் காஃபின் பயன்படும் என்று ராபர்ட் ஷ்னாக்கன்பெர்க் 1973இல் எழுதிய கட்டுரை நம்பிக்கையைத் தூண்ட, அடுத்த சில ஆண்டுகளில் கீத் கானர்ஸ் முதலியோர், காஃபினை மருந்தற்ற போலி மாத்திரையோடும் ஊக்கி மருந்துகளோடும் ஒப்பிட்டுச் செய்த சோதனைகள் அந்நம்பிக்கையைப் பெருமளவு குறைத்துவிட்டன. மறைமுகமாகச் செயல்படும் காஃபினைக் கொண்டு நேரடி மருந்தின் பலனை எட்ட முயன்றால் அளவைக் கூட்ட வேண்டிவரும். கவனம் கூடுவதற்கு முன்னரே நடுக்கமும் நெஞ்சுப் படபடப்பும் தூக்கக் கேடும் வந்து சேரும்.

ஆட்டிசம் உள்ளோரிடம் ஊக்கி மருந்துகளின் விளைவு இன்னும் சீரற்றதாக இருக்கிறது. ஆட்டிச வகை நிலைகளோடு மிகையியக்கமும் உள்ள 5 முதல் 14 வயது வரையிலான 72 குழந்தைகளிடம் மெத்தில்ஃபெனிடேட்டைச் சோதித்து 2005இல் அமெரிக்க ஆய்வுக் கூட்டமைப்பு ஒன்று வெளியிட்ட முடிவுகளின்படி, 49 விழுக்காட்டினரே பயன் பெற்றனர். 18 விழுக்காட்டினர், பெரும்பாலும் எரிச்சல் மிகுந்ததால், பக்க விளைவுகளைத் தாங்காமல் மருந்தை நிறுத்தினர். ஏ.டி.எச்.டி. உள்ள 579 குழந்தைகளைக் கொண்டு 1999இல் வெளியான பெரிய ஆய்வில் பயன் பெற்றோர் ஏறத்தாழ 70 விழுக்காடாகவும், நிறுத்தியோர் மிகச் சிலராகவும் இருந்ததை இதனோடு ஒப்பிட்டுக் காணலாம். மருந்து குறைத்தது மிகையியக்கத்தை. ஆட்டிசத்தின் அடிப்படை இயல்புகள் அதன் இலக்கல்ல. இதனால் ஆட்டிசம் உள்ளோருக்கு மருத்துவர்கள் குறைந்த அளவில் தொடங்கி, மெல்லக் கூட்டி, நெருங்கிக் கவனிக்கின்றனர்.

காஃபினை மட்டும் தனியே எடுத்து ஆட்டிசம் உள்ளோரிடம் நடத்தப்பட்ட ஆய்வுகள் மிகச் சில. ஆயினும் எச்சரிக்கைக்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, ஆட்டிசம் உள்ள சிறுவர்களிலும் இளையோரிலும் ஏறத்தாழ 40 விழுக்காட்டினரிடம் பதற்றக் கோளாறு காணப்படுகிறது; காஃபினோ பதற்றத்தைக் கூட்டக் கூடியது. இரண்டாவது, ஒலியும் ஒளியும் ஏற்கெனவே மிகையாக உறைக்கும் ஒருவருக்கு, விழிப்பைக் கூட்டும் பொருள் அவ்வுறுத்தலையும் கூட்டக் கூடும். மூன்றாவது, உடலுக்குள் எழும் குறிப்புகளை இனங்காண்பது ஆட்டிசம் உள்ளோர் பலருக்குக் கடினம். நெஞ்சு வேகமாகத் துடிப்பது குடித்த காப்பியாலா, அச்சத்தாலா என்று பிரித்தறிய முடியாத நிலையில், உடலின் துடிப்பே மனத்தின் அச்சமாகப் பெருகலாம்.

தூக்கம் இரு சாராருக்கும் பொதுவான சிக்கல். ஏ.டி.எச்.டி. உள்ளோர் பலருக்கு உடற்கடிகாரமே பிந்தி ஓடுகிறது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோர் தூக்கமின்மையால் வருந்துகின்றனர். உட்கொண்ட காஃபினில் பாதி உடலிலிருந்து நீங்கப் பெரியவர்களுக்குச் சராசரியாக ஐந்து மணி நேரமாகிறது. மாலை 4 மணிக்கு அருந்திய 100 மில்லிகிராமில் 50 மில்லிகிராம் இரவு 9 மணிக்கும், 25 மில்லிகிராம் பின்னிரவு 2 மணிக்கும் உடலில் நிற்கும். படுக்கைக்கு 6 மணி நேரம் முன்னதாக அருந்திய 400 மில்லிகிராம் காஃபின் ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கத்தைக் குறைத்ததாக 2013இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. காஃபினைச் சிதைக்கும் கல்லீரல் நொதியே தூக்கத்துக்காகத் தரப்படும் மெலட்டோனினையும் சிதைக்கிறது. மனநல மருந்தான ஃப்ளூவோக்சமின் அந்நொதியைத் தடுப்பதால், அதனை உட்கொள்வோரிடம் காஃபின் பல மடங்கு நேரம் தங்கிவிடும்.

அளவைப் பொறுத்தவரை, உடல்நலமுள்ள பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வரையிலும், சிறுவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராம் வரையிலும் கவலைக்கு இடமில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் கருத்துரைத்தது. இந்தியாவில் காஃபின் சேர்த்த பானங்கள் லிட்டருக்கு 300 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி; அந்த உச்ச அளவில் 250 மில்லிலிட்டர் டப்பா ஒன்றில் இருக்கும் 75 மில்லிகிராம், 25 கிலோ எடையுள்ள சிறுவனின் ஒரு நாள் எல்லையை ஒரே மூச்சில் தொட்டுவிடுகிறது. அத்தகைய ஆற்றல் பானங்கள் குழந்தைகளுக்கு உகந்தவையல்ல என்ற எச்சரிக்கை டப்பாவின் மீதே அச்சிடப்படுகிறது. தமிழகத்து வீடுகளின் ஃபில்டர் காப்பியில் காஃபின் எவ்வளவு என்பது தூளில் கலந்த சிக்கரியையும் டிகாஷனின் திண்மையையும் பொறுத்தது. சிக்கரியில் காஃபின் இல்லை.

ஊக்கி மருந்து உட்கொள்வோர் காப்பியையும் சேர்க்கும்போது இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் இரு புறமிருந்தும் உயர்கின்றன. பசியும் தூக்கமும் மேலும் குறைகின்றன. அதற்காகக் காப்பியைத் திடீரென விடுவதும் நன்றன்று. விட்ட 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி, சோர்வு, கவனமின்மை, எரிச்சல் ஆகியவை தோன்றிச் சில நாள்கள் நீடிக்கலாம்; ஏ.டி.எச்.டி.யே மிகுந்துவிட்டது என்றோ மருந்து பலிக்கவில்லை என்றோ அவற்றைத் தவறாகக் கொள்ள நேரும். ஆட்டிசம் உள்ள பெரியவருக்குக் குறித்த வேளையில் குறித்த டம்ளரில் அருந்தும் காப்பி ஒரு நாளின் ஒழுங்காகவும் இருப்பதால், வேளையையும் டம்ளரையும் மாற்றாமல் சிக்கரியின் பங்கைக் கூட்டியோ காஃபின் நீக்கிய தூளைக் கலந்தோ படிப்படியாகக் குறைப்பது எளிது.

ஒருவருக்கு ஏ.டி.எச்.டி. உண்டா, ஆட்டிசம் உண்டா என்பதை அவருடைய குழந்தைப் பருவ வரலாறும் பயிற்சி பெற்றவரின் மதிப்பீடுமே முடிவு செய்யும். காப்பிக் கோப்பை முடிவு செய்யாது. ஆயினும் எவ்வளவு காஃபின், எந்நேரத்தில், அதன் பின் தூக்கமும் பதற்றமும் எவ்வாறு இருந்தன என்ற இரண்டு வாரக் குறிப்பு மருத்துவருக்கு மிகவும் பயன்படும். மருந்தின் அளவு கூடுதலா குறைவா என்று அவர் எடைபோடும்போது காப்பியின் பங்கைப் பிரித்தறிய அக்குறிப்பு உதவும் என்பதால், கேட்கப்படாவிட்டாலும் அதனை முன்வந்து சொல்வதே முறை.